இலை கட்டியிருக்கும்போது ஊசி கூடாது

பெனி வைத்தியத்துக்கு வந்த அன்று முதலில் செத்தது எசேத்தாவின் நாய்தான்.

நாய் மேல் தப்புச் சொல்ல முடியாது. கடற்கரைப் பாதையிலிருந்து அவன் ஊன்றுகோலோடு திரும்பும்போதே, காலில் சுற்றியிருந்த துணியின் வாடை அதன் மூக்குக்கு எட்டிவிட்டது. ஓடிப்போய்க் கவ்வியது. பெனி கையில் இருந்த வெட்டுக்கத்தியை ஒரு வீச்சு வீசினான். இளநீர் சீவுகிற அலட்சியம்தான், அதற்கு மேல் கோபம்கூட இல்லை. நாய்க்குக் கத்த நேரமில்லை. கவ்விய வாயோடு இரண்டடி இழுபட்டு வந்து வாசல் சரளையில் கிடந்தது.

சவாயீத் தீவின் ஃபங்காலுவா கிராமத்தில் பெனியை எதிர்த்துப் பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதிரியார், அவரும் பிரசங்க மேடையில் நிற்கும்போது மட்டும். பெனி கதவு அகல ஆள். வாலிபத்தில் ரக்பி ஆட்டத்தில் ஒருவன் தாடையை உடைத்ததை இன்னும் கல்யாணச் சாப்பாட்டில் சொல்லிச் சிரிப்பான். இன்னொருவர் யார் என்றால், எசேத்தா.

அவளுக்கு நாற்பத்திநாலு வயது. ஆறாத புண்ணுக்கு இலை கட்டுகிறவள். தீவின் அந்தக் கரையிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து அவளைத் தேடி வருவார்கள். நுணா இலையைத் தணலில் வாட்டி எண்ணெய் தடவிக் கட்டுவாள், வேலிக்கொடியைக் கசக்கிச் சாறு விடுவாள். வேறு பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கை சுத்தம், பொறுமை, புண்ணை முகம் சுளிக்காமல் பார்க்கிற கண். இந்த மூன்றும் ஆஸ்பத்திரியிலேயே எல்லோருக்கும் வாய்த்துவிடவில்லை.

"நாய் கடிச்சது வலிக்கலையா அண்ணே?" என்று கேட்டாள்.

"எங்க கடிச்சது?" என்றான் பெனி.

அந்த ஒரு பதிலே அவளுக்குப் போதும். சர்க்கரைக் கால். முள் குத்தினாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது.

சுவரில்லாத வீட்டின் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தூக்கி அவள் மடியில் போட்டான். பின்னால் வந்த அவன் மனைவி மாலியா, கீழே பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்தாள். அவளுடைய இடது கன்னம் பழுத்த பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பெனியின் வீட்டில் அது கேள்வியே இல்லை.

எசேத்தா துணியை அவிழ்த்தாள். உள்ளங்காலில் ஓட்டை, கட்டைவிரல் நுழையும். சின்ன விரலும் அடுத்ததும் கருத்துவிட்டன. பவளக்கல் குத்தி ஒரு மாதமாம். மூன்று வாரம் அதோடு லாரி ஓட்டியிருக்கிறான்.

"ரெண்டு விரல் செத்துப்போச்சு அண்ணே. அத என்னால உயிராக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போங்க, இன்னைக்கே போங்க. விரலோட விட்ருவாங்க."

"என் தம்பி சிமியையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க. முட்டி வரைக்கும் அறுத்தாங்க. நாலாம் நாள் பொட்டில வந்தான்." கத்தியால் தரையைத் தட்டினான். "நீ கட்டு. நீ கட்டுன காலுக்கு ஒண்ணும் ஆகல. அவன் காலுல உன் இலை இருக்கும்போதே ஊசியக் குத்தினானுங்க. அதான் செத்தான். நீதானே சொன்னே, இலை கட்டியிருக்கும்போது ஊசி கூடாதுன்னு?"

எசேத்தா புண்ணின் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

சொன்னது அவள்தான். அவளுடைய அம்மா சொன்னாள், தீவு முழுக்கச் சொல்கிறார்கள். ஆவி பிடித்த நோயில் ஊசி போட்டால் ஆள் செத்துப்போவான் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையே இலைக்கும் சேர்த்துச் சொல்வது வழக்கம். வழக்கத்தை யார் யோசிக்கிறார்கள்? இரண்டு வருஷத்துக்கு முன் சிமியின் மனைவி லாங்கியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: என் இலை இவன் காலில் இருக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரி ஊசி இவன் உடம்பில் ஏறக்கூடாது. லாங்கி தலையாட்டினாள். பதினோராம் நாள் சிமி நினைவில்லாமல் விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஊசி போட்டார்கள், காலை எடுத்தார்கள், செத்தான்.

ஊர் கணக்குப் போட்டது. இலையின் வீரியம் உடம்பில் இருக்கும்போது ஊசி ஏறியது, ஆள் போனான், எசேத்தா சொன்னாள் இல்லையா, அப்படியே நடந்தது. அவள் பேர் ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு ஏறிவிட்டது. அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து, சண்டை போடாமல், மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்: உங்க இலை அவரைக் கொல்லவில்லை, பதினோரு நாள் இன்சுலின் போடாமல் இருந்ததுதான் கொன்றது. அன்றிலிருந்து எசேத்தா யாரிடமும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வருகிறவர்களிடம் ஊசியையும் போடு, இலையையும் கட்டு என்கிறாள். ஆனால் சிமியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் பயம் என்பாள். பயம் பாதிதான், மீதி அந்த ஏறிய பேர்.

"அது ஆவி நோய்க்குத்தான் அண்ணே," என்றாள் இப்போது. "சக்கரைக்கு ஊசி போடலாம். போட்டாத்தான் இலையும் பிடிக்கும்."

பெனி சிரித்தான். "ஆஸ்பத்திரிக்காரன் உன்னையும் வளைச்சுட்டானா? மாலியா, கேட்டியா? இவளும் உன் கட்சி." அவன் ஊசி மருந்தையெல்லாம் கடலில் வீசிவிட்டு வந்தவன். மாலியாவின் கன்னம் அதைத் தடுத்ததற்காகத்தான் வீங்கியிருந்தது.

எசேத்தாவின் கணவன் தவீட்டா தோட்டத்திலிருந்து டேரோக் கிழங்குச் சுமையோடு அப்போதுதான் வந்தான். நாயைப் பார்த்தான். சுமையை இறக்கினான். "ஏன்டா பன்னி, என் வாசல்ல வந்து—" என்று தொடங்கியவனை முடிக்கவிடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பெனி அவன் தொண்டையைப் பிடித்து இழுத்து, தூணில் மோதினான். இரண்டு முறை. மூன்றாவது மோதலில் தவீட்டாவின் முன்பல் வாயை விட்டு வெளியே வந்தது.

"ரெண்டு வாரம்," என்றான் பெனி, எசேத்தாவைப் பார்த்து. எழுந்து நின்று வீட்டு நடுத்தூணில் ஒரு வெட்டு வெட்டினான். மரச்செதில் பறந்தது. "நான் வர்ற ஒவ்வொரு நாளும் இதுல ஒரு வெட்டு. பதினாலாவது வெட்டு அன்னைக்கு என் கால் ஆறலேன்னா, அந்த வெட்டு தூணுல இருக்காது."

அப்படித்தான் வைத்தியம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை.

எசேத்தா மனப்பூர்வமாகத்தான் செய்தாள். எதிரியின் புண்ணாக இருந்தாலும் புண் புண்தான் என்று அவளுடைய கைக்குத் தெரியும். கொதித்து ஆறின நீரால் கழுவினாள், செத்த சதையை ஓட்டுச்சில்லால் சுரண்டி எடுத்தாள். அவன் பன்றிக்கறியைக் கடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான், சுரண்டுவது யார் காலிலோ என்பது போல. சாறு விட்டாள், வாட்டிய இலையை வைத்துக் கட்டினாள். புதன் ஒரு வெட்டு. வியாழன் ஒரு வெட்டு. வியாழக்கிழமை ஓட்டையின் விளிம்பில் ரோஜா நிறத்தில் புதுச் சதை தெரிந்தது. பெனி அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டு, தவீட்டாவின் முதுகில் ஓங்கித் தட்டினான். "உன் பொண்டாட்டி பெரிய ஆளுடா, பல்லில்லாதவனே!"

இலை தன் வேலையைச் செய்தது. அதைக் குறை சொல்கிறவன் வாயில் மண். ஆனால் அவன் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது தண்ணீர். குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் கேட்பான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்துபோய் வாழை மரத்தடியில் நின்றுவிட்டு வருவான். மூச்சில் அழுகின பழ வாடை. சிமியின் மூச்சில் எட்டாம் நாள் அடித்த அதே வாடை. வெள்ளிக்கிழமை கட்டை அவிழ்த்தபோது கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது, யாரோ மையால் இழுத்த மாதிரி. விஷம் ஏறுகிற கோடு அது என்று எசேத்தாவுக்குத் தெரியும்.

அன்று மாலியா அடுப்பங்கரைக்கு வந்தாள். "அக்கா, அவன் கண்ணுல படாம கொஞ்சம் மருந்த பாதிரியார் வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒளிச்சு வச்சிருக்கேன். மதியம் தின்னுட்டு மட்டையாத் தூங்குறான். நீ காலைப் பிடிச்சுக்கோ, நான் குத்திர்றேன்."

"முழிச்சான்னா?"

"முழிச்சா அடிப்பான். முழிக்கலேன்னாலும் நாளைக்கு அடிப்பான். எனக்கு என்ன வித்தியாசம்?"

சனிக்கிழமை மதியம் பெனி எசேத்தாவின் வீட்டிலேயே காலை நீட்டிக் குறட்டை விட்டான். ஐந்தாவது வெட்டைக் காலையிலேயே வெட்டிவிட்டான். எசேத்தா அவன் காலைக் கட்டிப்பிடித்தாள். மாலியா அவன் மேலாடையைத் தூக்கினாள். ஊசி தோலைத் தொட்டதோ இல்லையோ, கண் திறந்துவிட்டது.

அடுத்து நடந்ததைச் சொல்ல நேரமாகும், நடக்க ஆகவில்லை. மாலியாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம் கேட்டது. நல்ல காலால் எசேத்தாவின் விலாவில் உதைத்தான். அவள் தூணில் போய் விழுந்தாள். இலை அரைக்கிற கல்லைத் தூக்கி ஊசியின் மேல் போட்டு நசுக்கினான். பிறகு அதே கல்லை எசேத்தாவின் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

"நீ சொன்ன சொல்ல நீயே மீறுறியா? சிமிய அந்த நாய்ங்க கொன்ன மாதிரி என்னையும் கொல்லப் பாக்குறியா? இலை மேல ஊசியா?" அவன் கண்ணில் கொலைவெறி மட்டும் இல்லை. பயம் இருந்தது. நிஜமான பயம். எசேத்தா அதைப் பார்த்துவிட்டாள். இந்த மிருகம் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்கு, வேதவாக்குக்குப் பயப்படுகிற மாதிரிப் பயப்படுகிறது.

கல்லைப் பக்கத்தில் வீசிவிட்டு, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு முறை தள்ளாடி விழப்பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எசேத்தாவால் பாட முடியவில்லை. மூச்சை இழுத்தால் விலா குத்தியது. வெள்ளை உடுப்பில் இரண்டு வரிசை முன்னால் மாலியா உட்கார்ந்திருந்தாள், வாழைப்பட்டை வைத்து எசேத்தா கட்டிவிட்ட கையோடு. பெனி வரவில்லை. நாற்பத்தெட்டு வருஷத்தில் அவன் தவறவிட்ட முதல் ஆராதனை. காய்ச்சல் என்றார்கள்.

மதியச் சாப்பாட்டின்போது தவீட்டாவிடம் சொன்னாள். "நான் நாளைக்குக் காலைல பாயைப் போத்திட்டு பெனி வீட்டு வாசல்ல போய் உக்காரப் போறேன்."

தவீட்டா மென்றுகொண்டிருந்த கிழங்கைத் துப்பினான். "பைத்தியமா உனக்கு?"

இங்கே ஒருவன் இன்னொரு குடும்பத்து ஆளைக் கொன்றுவிட்டால், கொன்றவன் வீட்டார் தங்களிடம் உள்ள மிகச் சிறந்த கோரைப்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, செத்தவன் வாசலில் விடியும்போது போய் மண்டியிடுவார்கள். இஃபோங்கா என்பார்கள். கழுத்து நீட்டியாயிற்று, வெட்டுவதோ மன்னிப்பதோ உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். அந்த வீட்டுத் தலைவன் பாயைத் தூக்கினால் பகை தீர்ந்தது. தூக்காவிட்டால் கல் விழும், கத்தி விழும், கேட்பார் கிடையாது. பொதுவாகக் குடும்பத் தலைமைப் பட்டம் உள்ள ஆம்பிளைகள் செய்கிற காரியம்.

"அவன்கிட்ட எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டான் தவீட்டா. வாயால சொன்னா, ஆஸ்பத்திரிக்காரன் வளைச்சுட்டான்ம்பான். பாயைப் போத்திட்டுச் சொன்னா நம்புவான். பொய்க்கு யாரும் கழுத்தை நீட்டமாட்டாங்க."

"சாகட்டுமே! நாயை வெட்டினான், என் பல்லை ஒடைச்சான், உன் விலாவை ஒடைச்சான். இன்னும் ஒம்பது வெட்டு பாக்கி. அதுக்குள்ள அவனே செத்துருவான். சாமி பாத்துக் குடுக்குறத வேண்டாம்ங்கிறியே!"

"அவன் செத்தா எனக்கு நிம்மதிதான். எத்தனை ராத்திரி வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" எசேத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது, விலா வலியோடு சேர்ந்து. "ஆனா அவன் என் சொல்லால சாவான். சிமி செத்த மாதிரி. அப்புறம் ஊரே சொல்லும், பாத்தியா, ஊசி பட்டதால பெனியும் செத்தான்னு. அடுத்தவன் ஊசியத் தூக்கி எறிவான். எத்தனை பேர எண்ணிக்கிட்டு நான் உக்காந்திருக்கணும்?"

தவீட்டா சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான்.

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும்போது எசேத்தா பெனியின் வீட்டு வாசலில் மண்டியிட்டிருந்தாள். கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டார் கொடுத்த பாய் அது, பட்டு மாதிரி மெல்லிசு, ஓரத்தில் சிவப்பு இறகு. தலையிலிருந்து தரை வரை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் யாரோ பக்கத்தில் வந்து பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே நுழைந்தார்கள். பல்லில்லாத வாயிலிருந்து மூச்சு வந்தது.

"பேசாதே," என்றான் தவீட்டா. "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

வீடு விழித்தது. காலடிச் சத்தம் வாசல் வரை வந்து நின்றது. பாயின் கண்ணி வழியாக எசேத்தாவுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பெனியின் அண்ணன் தம்பி பிள்ளைகள், பெண்கள், எல்லோரும் வந்து நின்றதைச் சத்தத்தில் கண்டுகொண்டாள். ஊன்றுகோல் சத்தம் கேட்டது, தூணில் பெனி சாய்கிற சத்தமும்.

"என்னடி இது?" குரல் உலர்ந்து கிடந்தது. "மணிக்கட்ட ஒடைச்சவன் நானு, பாய் போத்திட்டு நீ ஏன் வர்றே? ஊசி போட வந்ததுக்கா?"

"சிமிக்காக வந்திருக்கேன்," என்று பாய்க்குள்ளிருந்து எசேத்தா கத்தினாள். விலா கிழிந்தது, நிறுத்தவில்லை. "சிமிய ஆஸ்பத்திரிக்காரங்க கொல்லல. ஊசி கொல்லல. ஊசி போடாதேன்னு நான் சொன்ன சொல்லுதான் கொன்னுது. பதினோரு நாள் ஊசி இல்லாமத்தான் அவன் ரத்தம் கெட்டுது. எனக்கு அது ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. நான்தான் உங்க பிள்ளையக் கொன்னேன். பெனி அண்ணே, அதே சாவு இப்ப உங்க கால்ல ஏறிட்டு இருக்கு."

கோழி ஒன்று பாயின் ஓரத்தைக் கொத்திவிட்டுப் போனது.

முதல் கல் தவீட்டாவின் முதுகில் விழுந்தது. அவன் எசேத்தாவின் மேல் கவிழ்ந்துகொண்டான். பிறகு எண்ண முடியவில்லை. எரிமலைக் கல், கையளவு, தலையளவு, சொரசொரவென்று. சிமியின் மகன்கள் மூன்று பேரும் எறிந்தார்கள், அழுதுகொண்டே எறிந்தார்கள். தவீட்டாவின் காதிலிருந்து வழிந்த ரத்தம் எசேத்தாவின் கழுத்தில் சூடாக இறங்கியது. ஓடக்கூடாது. ஓடினால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணில் முகத்தை வைத்தாள்.

திடீரென்று கல் நின்றது. ஒரு பெண் வருகிற காலடி. லாங்கி.

"கேட்டாரு," என்றாள் லாங்கி. முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். "ஒம்பதாம் நாள் என் கையப் பிடிச்சுட்டு ஊசியக் கேட்டாரு. லாங்கி, எரியுது, ஒண்ணே ஒண்ணு போடுன்னாரு. நான் எடுத்துட்டுப் போயிக் கக்கூஸ் குழியில போட்டேன். ஏன்னா நீ சொன்னே!" இப்போது ஊருக்கே கேட்டது. "நாலு தடவை கேட்டாரு! கெஞ்சினாரு! நான் அவர் வாயைப் பொத்தினேன்! நான்!"

பெனியின் வெட்டுக்கத்தி அவள் கையில் இருந்தது. முதல் வெட்டு பாயைக் கிழித்து எசேத்தாவின் தோளில் இறங்கியது. இரண்டாவது, தலையை மறைத்த கையில். இரண்டு விரல்கள் தன்னிடமிருந்து போனது அவளுக்கு உடனே தெரிந்தது. அவளுடைய கைக்கு எல்லாமே தெரியும். மூன்றாவது வெட்டுக்குக் கத்தி மேலே போனது, கீழே வரவில்லை.

பெனி அதைப் பிடித்திருந்தான். கூர்ப்பக்கத்தையே பிடித்திருந்தான். எப்படி அந்தக் காலோடு படியிறங்கி ஓடிவந்தான் என்று யாருக்கும் புரியவில்லை. உள்ளங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

"சிமி கேட்டானா?" என்றான். "ஊசி வேணும்னு அவனே கேட்டானா?"

"கேட்டாரு அத்தான்."

"என்கிட்ட சொல்லல நீ."

"எங்க சொல்றது?" லாங்கி அவன் முகத்துக்கு நேராக வந்தாள். "நீங்கதானே வாசல்ல இதே கத்தியோட உக்காந்திருந்தீங்க, நர்ஸ உள்ள விடாம? நர்ஸோட பைய வெட்டி எறிஞ்சீங்களே, மறந்துட்டீங்களா? உள்ள இருந்து அவரு உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. பேய் பேசுதுன்னு சொல்லிட்டீங்க!"

பெனி கத்தியை விட்டான். லாங்கி அதோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்பது போல. பெனி குனிந்து பாயைப் பிடித்துத் தூக்கினான். கிழிந்த பாய் இரண்டாக வந்தது.

"நீங்க தூக்கினா அது உங்க மன்னிப்பு அத்தான்," என்றாள் லாங்கி. "என்னது இல்ல. என்னது வராது."

எசேத்தா தலையை ஆட்டினாள். அவளும் அதை எதிர்பார்த்து வரவில்லை. தவீட்டா காதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தடுமாறியபடி பிக்கப் வண்டியைப் பார்க்கப் போனான். அவளை மட்டுமல்ல, பெனியையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று அவனுக்கும் தெரியும். கால் போகும், முட்டியோடு போகும். ஆள் இருக்கலாம், இப்போதே ஊசி ஏறினால்.

பெனியால் நிற்க முடியவில்லை. சரளையில் சரிந்து உட்கார்ந்தான். "மாலியா," என்றான். "ஊசி கொண்டா."

மாலியா ஏற்கெனவே அங்கேதான் நின்றாள். விடியும்போதே பாதிரியார் வீட்டுக்குப் போய் எடுத்து வந்து, சேலை போல் கட்டியிருந்த துணியின் முடிச்சில் வைத்திருந்தாள். வெளியே எடுத்தாள். இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை.

"கேளு," என்றாள்.

"கேட்டுட்டேனே?"

"இது கேக்குறது இல்ல. இது அதிகாரம் பண்றது. உன் தம்பி எப்படிக் கேட்டான்னு லாங்கி சொன்னாள்ல? அப்படிக் கேளு."

பெனி சுற்றிப் பார்த்தான். அண்ணன் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், அவன் ஒரு சத்தம் போட்டால் ஓடிவருகிறவர்கள், ஒருவனும் அசையவில்லை. கத்தி லாங்கியின் மடியில் இருந்தது. எசேத்தா வெட்டுப்பட்ட கையை மார்போடு அழுத்திக்கொண்டு கிடந்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு, இவள் போடவேண்டாமே என்றுகூடத் தோன்றியது. அதற்காகப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

"போடு மாலியா."

மாலியா நின்றாள்.

"எரியுது மாலியா. போடு."

"இன்னும்."

மூன்றாவது முறை கேட்கும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. நான்காவது முறை வார்த்தையே இல்லை, ரத்தம் வடிகிற கையை அவளுடைய பாதத்தின் மேல் வைத்தான். கதவு அகலத்து ஆள், ஊரே பார்க்க, மூக்கு ஒழுக அழுதான்.

மாலியா அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"வயித்துல போடு," என்று எசேத்தா தரையிலிருந்து சொன்னாள். "மடிப்பைப் பிடிச்சுட்டுக் குத்து."

"முடியல அக்கா, ஒரு கைதானே இருக்கு," என்றாள் மாலியா. பல்லால் ஊசியின் மூடியைக் கழற்றித் துப்பினாள். இடது கையை உயர்த்தினாள்.

கை உயர்ந்த அந்தக் கணத்தில் பெனி கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு ஒடுங்கினான். இருபத்தாறு வருஷமாக மாலியா ஒடுங்குகிற அதே ஒடுக்கம்.

மாலியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடிக்கமாட்டேன்," என்றாள். "சட்டையத் தூக்கு."